ஸ்கூட்டருக்கு எத்தனை கிராம் ரோலர்? வேரியேட்டர் எடையைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கியர் இல்லாத ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் ரோலர் (பெல்ட் ஓடும் முன் புல்லிக்குள் இருக்கும் சின்ன உருளை எடைகள்) மாற்றும் யோசனைக்கு வருவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால்தான். சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி கிளம்பத் திணறும். இல்லையென்றால் பின்னால் ஒருவரை உட்காரவைத்து மேடு ஏறும்போது, ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்கியும் நகர மாட்டேன் என்னும். உடனே பக்கத்தில் இருக்கும் ஒருவர் சொல்வார்: "ரெண்டு கிராம் குறைச்சுப் போடு, பறக்கும்." பறக்கிறதோ இல்லையோ, சத்தம் கட்டாயம் கூடும்.

ரோலர் எடை இன்ஜினுக்கு ஒரு துளி சக்தியைக்கூடக் கூட்டாது. முழு த்ராட்டிலில், அதாவது ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்கி, வண்டி வேகம் எடுக்கும்போது இன்ஜின் எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) நிற்க வேண்டும் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. அதனால் எத்தனை கிராம் என்ற கேள்விக்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: இப்போது எந்த ஆர்பிஎம்மில் நிற்கிறது, எதில் நிற்க வேண்டும்? இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் கிராம் தானாக வந்துவிடும்.

கவருக்கு உள்ளே நடப்பது

இடப்பக்கக் கவரைத் திறந்தால் முன்னால் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி, இடையில் ஒரு பெல்ட். முன் புல்லி கிராங்க் ஷாஃப்டின் முனையில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு இரண்டு தட்டுகள். விசிறி இறக்கைகள் உள்ள வெளித்தட்டு நகராது. உள்தட்டு ஒரு புஷ் மேல் முன்னும் பின்னும் நகரும். இதைத்தான் வேரியேட்டர் என்கிறோம். அதன் முதுகில் சாய்வான பள்ளங்கள், பள்ளத்துக்கு ஒரு ரோலர். பெரும்பாலான வண்டிகளில் ஆறு. சில பெரிய இன்ஜின்களில் எட்டு. ரோலர்களுக்குப் பின்னால் ஒரு தகடு மூடியிருக்கும்; அது ரேம்ப் பிளேட்.

கவணில் கல் வைத்துச் சுற்றியவர்களுக்கு மீதிக் கதை தெரியும். கிராங்க் சுற்றச் சுற்ற ரோலர்கள் வெளிப்பக்கமாக ஓடப் பார்க்கும். பள்ளத்துக்கும் ரேம்ப் பிளேட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, உள்தட்டை வெளித்தட்டை நோக்கித் தள்ளும். இரண்டு தட்டுகளும் நெருங்கினால் பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும். பெல்ட்டின் நீளம் மாறாது என்பதால், பின் புல்லியில் அதே பெல்ட் ஸ்பிரிங்கை எதிர்த்துக்கொண்டு உள்ளே இறங்கும். கியர் வண்டியில் ஒன்றிலிருந்து நான்குக்குப் போவதற்குச் சமமான வேலை இது, படிகள் இல்லாமல் நடக்கிறது.

பின் புல்லியிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. அதன் நடுக்குழாயில் சாய்ந்த காடிகள் வெட்டியிருப்பார்கள். பின்சக்கரத்தின் மீது பாரம் கூடினால் அந்தக் காடிகள் புல்லியை இறுக்கி, பெல்ட்டை மறுபடி வெளியே தள்ளும். ஓடிக்கொண்டே இருக்கும்போது திடீரென முறுக்கினால் வண்டி கீழ்க் கியருக்குப் போனதுபோல் உறுமுவது இதனால்தான். 1958-ல் டாஃப் நிறுவனம் காரில் கொண்டுவந்த வேரியோமாட்டிக் முறையிலும் இதே சுழல் எடைகள் உண்டு. ஹப் வான் டூர்ன் அதில் பாரத்தை அறிய இன்ஜினின் வெற்றிடத்தைப் பயன்படுத்தினார். ஸ்கூட்டரில் அந்த வேலையைச் சாய்ந்த காடிகள் பார்த்துக்கொள்கின்றன.

ஆக, முன்னால் ரோலர் தள்ளுகிறது, பின்னால் ஸ்பிரிங்கும் காடியும் எதிர்க்கின்றன. ரோலர் கனமானால் குறைந்த ஆர்பிஎம்மிலேயே ஜெயித்துவிடும். பெல்ட் சீக்கிரம் ஏறும். லேசானால் இன்ஜின் இன்னும் வேகமாகச் சுற்றினால்தான் அதே தள்ளுவிசை கிடைக்கும். அடிப்படை இவ்வளவுதான்.

முதலில் வண்டி நலமாக இருக்கிறதா என்று பாருங்கள்

இதைத் தாண்டிக்கொண்டு நேராக ரோலர் வாங்கப் போகிறவர்கள்தான் அதிகம். பழைய ரோலர் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தால் அது உருளாது, இழுபடும்; கிளம்பும்போது நடுக்கம், நடுவில் திக்கல், டாப் ஸ்பீடில் குறைவு எல்லாம் வரும். அதே எடையில் புது செட் போட்டாலே பலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். பெல்ட் தேய்ந்து அகலம் குறைந்திருந்தாலும் அப்படித்தான்: முன் புல்லியின் தட்டுகள் முழுக்க நெருங்கினாலும் ஒல்லி பெல்ட் விளிம்புவரை ஏறாது. பெல்ட் அகலத்தை வெர்னியரால் அளந்து, வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள்.

ஏர் ஃபில்டர் அடைப்பு, பின்சக்கரப் பிரேக் உரசல், டயரில் காற்றுக் குறைவு, வால்வு இடைவெளி ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். இவற்றில் ஒன்று கெட்டிருந்தாலும் நீங்கள் அளக்கும் ஆர்பிஎம் பொய் சொல்லும்.

இப்போதைய ஆர்பிஎம்மை அளப்பது

ஸ்பார்க் பிளக் ஒயரில் சுற்றி ஆர்பிஎம் காட்டும் சின்ன டிஜிட்டல் டாக்கோமீட்டர் போதும். கூடவே செல்போனில் ஒரு ஜிபிஎஸ் வேகமானி. வண்டியின் ஸ்பீடோமீட்டர் பெரும்பாலும் உண்மையைவிடக் கூட்டித்தான் காட்டும். அதை நம்பி முன்பின் ஒப்பிட வேண்டாம்.

சென்டர் ஸ்டாண்டில் போட்டு முறுக்கிப் பார்ப்பது வீண். சக்கரத்துக்குப் பாரம் இல்லை, பின் புல்லியின் காடி வேலையே செய்யாது, கிடைக்கும் எண்ணுக்குச் சாலையோடு சம்பந்தம் இருக்காது. ஆள் நடமாட்டம் இல்லாத, நேரான, சமதளமான ஓர் இடம் தேடுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, நின்ற நிலையிலிருந்து முழு த்ராட்டில். டாக்கோவைக் குனிந்து பார்த்துக்கொண்டு ஓட்டாதீர்கள். போனைக் கண்ணாடித் தண்டில் கட்டி வீடியோ எடுத்து, நின்ற பிறகு பாருங்கள்.

வீடியோவில் மூன்று கட்டங்கள் தெரியும். முதலில் கிளட்ச் பிடிக்கும் நேரம். ஆர்பிஎம் ஒரு இடத்தில் தயங்கி மேலே போகும். அடுத்ததுதான் நமக்கு வேண்டியது: வண்டி வேகம் கூடிக்கொண்டே போகும், ஆர்பிஎம் மட்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். பெல்ட் ஏறிக்கொண்டிருக்கும் நேரம் அது. கடைசியில் பெல்ட் விளிம்பைத் தொட்டதும் வேகமும் ஆர்பிஎம்மும் சேர்ந்து ஏறத் தொடங்கும். நடுக்கட்டத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரு திசையிலும் இரண்டு மூன்று முறை ஓட்டிச் சராசரி எடுத்தால் காற்றின் தொல்லை போய்விடும்.

எந்த ஆர்பிஎம் வேண்டும்?

வண்டியின் விவரக்குறிப்பில் அதிகபட்ச சக்தி எந்த ஆர்பிஎம்மில், அதிகபட்ச டார்க் (இன்ஜினின் திருப்பு விசை) எந்த ஆர்பிஎம்மில் என்று இருக்கும். வேகம் எடுப்பது மட்டுமே குறி என்றால் நடுக்கட்டம் அதிகபட்ச சக்தி கிடைக்கும் ஆர்பிஎம்மில் நிற்க வேண்டும். டார்க்தானே இழுக்கிறது, டார்க் உச்சத்தில் வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கியர் விகிதம் தொடர்ந்து மாறும் வண்டியில், எந்த வேகத்திலும் சக்கரத்துக்கு அதிக உந்துதல் தருவது சக்தி உச்சம்தான். குறைந்த கியரின் பெருக்கல் டார்க் குறைவை ஈடுகட்டிவிடும்.

ஆனால் தயாரிப்பாளர்கள் சாதாரண வண்டியில் வேண்டுமென்றே இதற்குக் கீழேதான் வைப்பார்கள். மைலேஜ், சத்தம், பெல்ட் ஆயுள் எல்லாம் அவர்கள் கணக்கில் உண்டு. அன்றாடம் ஓட்டுபவருக்கு டார்க் உச்சத்துக்கும் சக்தி உச்சத்துக்கும் நடுவில், சக்தி உச்சத்துக்குச் சற்று நெருக்கமாக வைப்பதே நல்லது என்பது என் கருத்து. எப்போதும் பாரத்தோடு மேடு ஏறுபவர் இன்னும் மேலே போகலாம். நீண்ட நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகத்தில் போகிறவர் கம்பெனி எடையைத் தொடாமல் இருப்பதே லாபம்.

சைலன்சரும் சிலிண்டரும் மாற்றிய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் வேறு சாதி. அவற்றின் சக்தி ஒரு குறுகிய ஆர்பிஎம் பட்டைக்குள் அடங்கிவிடும். அதில் 300 ஆர்பிஎம் தவறினாலும் உயிர் போனதுபோல் இருக்கும். சாதாரண ஃபோர் ஸ்ட்ரோக் அவ்வளவு கறாராக இருக்காது.

கணக்கு

ரோலரின் தள்ளுவிசை அதன் எடைக்கு நேராகவும், ஆர்பிஎம்மின் இருமடிக்கு நேராகவும் கூடும். எதிர்க்கும் ஸ்பிரிங் மாறவில்லை என்றால்:

புதிய எடை = பழைய எடை × (இப்போதைய ஆர்பிஎம் ÷ வேண்டிய ஆர்பிஎம்) × (இப்போதைய ஆர்பிஎம் ÷ வேண்டிய ஆர்பிஎம்)

ஒரு எடுத்துக்காட்டு. ரோலர் ஒன்று 12 கிராம், நடுக்கட்டம் 6200-ல் நிற்கிறது, வேண்டியது 6800. 6200-ஐ 6800-ஆல் வகுத்தால் 0.912. அதை அதே எண்ணால் பெருக்கினால் 0.831. 12-ஆல் பெருக்கினால் 9.98. அதாவது 10 கிராம் ரோலர்.

இதே வண்டியில் 11 கிராம் போட்டால் சுமார் 6475, 10.5 போட்டால் 6630, 9 போட்டால் 7160, 8 போட்டால் 7590 என்று கணக்கு சொல்லும். இருமடிக் கணக்கு என்பதால், எடை குறையக் குறைய ஒவ்வொரு கிராமும் முந்தையதைவிடப் பெரிய தாவலைத் தரும். 12-லிருந்து ஒரு கிராம் குறைப்பதும், சின்ன 50 சிசி வண்டியின் 6 கிராம் ரோலரில் ஒரு கிராம் குறைப்பதும் ஒன்றல்ல. சின்ன ரோலர்களில் அரை கிராம், கால் கிராம் என்றுதான் நகர வேண்டும்.

ரேம்ப்பின் வளைவு, ஸ்பிரிங்கின் சோர்வு, பெல்ட்டின் உராய்வு எல்லாம் இந்தக் கணக்கில் இல்லை. அதனால் விடையை முடிவாக எடுக்காமல் முதல் செட் வாங்குவதற்கான ஊகமாக எடுத்துக்கொள்ளுங்கள். சாலையில் அது நூறு, இருநூறு ஆர்பிஎம் தள்ளி நிற்கலாம்.

வாங்கும்போது

அளவு முதலில், எடை பிறகு. ரோலர்களை விட்டம் × அகலம் என்று மில்லிமீட்டரில் குறிப்பார்கள்: 15×12, 16×13, 18×14, 20×15 என்று பல. ஒரே சிசி என்பதால் ஒரே அளவு என்று நினைத்துவிடாதீர்கள். ஜிஒய்6 என்ற ஸ்கூட்டர் இன்ஜின் குடும்பத்திலேயே 50 சிசிக்கு 16×13, 125-க்கும் 150-க்கும் 18×14. பழையதைக் கழற்றி, தேயாத இடத்தில் வெர்னியர் வைத்து அளந்துகொள்வதே பத்திரம்.

கடைக்காரர் சொல்லும் எடை ஒரு ரோலருக்கா, செட்டுக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசில் ஆறையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். மலிவான செட்டுகளில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பழையதையும் நிறுத்துவிடுங்கள்: இதற்கு முன் வண்டியை வைத்திருந்தவர் ஏற்கெனவே எடை மாற்றியிருக்கலாம், அப்போது கம்பெனி எடை என்று நீங்கள் கணக்கில் போட்டது தப்பாகிவிடும்.

இடைப்பட்ட எடை கிடைக்காவிட்டால் இரண்டு செட்டைக் கலக்கலாம். மூன்று 10 கிராம், மூன்று 11 கிராம் போட்டால் 10.5-க்குச் சமம். ஆனால் ஒன்றுவிட்டு ஒன்றாக வைக்க வேண்டும். ஒரு பக்கம் கனம், மறு பக்கம் லேசு என்றால் கிராங்க் அதிரும். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கிராம் அளவில் இருந்தால் நல்லது.

கழற்றுவதும் மாட்டுவதும்

இன்ஜின் ஆறியிருக்கட்டும். கிக்கர் கவரின் போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருக்காது. ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, கழற்றும் போல்ட்டை அதே இடத்தில் குத்தி வைத்தால் மாட்டும்போது குழப்பம் இல்லை. உள்ளே இருக்கும் கறுப்புத் தூளை வாயால் ஊதாதீர்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு பிரஷ்ஷால் தட்டுங்கள்.

வேரியேட்டர் நட்டைக் கழற்றப் புல்லியைப் பிடித்துக்கொள்ளும் கருவி வேண்டும், அல்லது இம்பாக்ட் ரெஞ்ச். விசிறி இறக்கைக்கு நடுவில் ஸ்குரூடிரைவரைக் கொடுத்து நெம்பினால் இறக்கை உடையும். நட்டு, வாஷர், வெளித்தட்டு எல்லாம் வந்த வரிசையிலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வேரியேட்டரை உருவும்போது ரேம்ப் பிளேட்டையும் சேர்த்து இறுக்கிப் பிடித்து வெளியே எடுங்கள்.

ரோலரின் ஒரு முகத்தில் பிளாஸ்டிக் மூடியிருக்கும், மறு முகத்தில் உள்ளிருக்கும் உலோகம் தெரியும். பழையவை எந்தத் திசையில் இருந்தன என்று பார்த்து, புதியவை ஆறையும் அதே திசையில் வையுங்கள். உலோக முகம் பள்ளத்தின் சுவரில் உரசும்படி வைத்தால் சுவர் அரித்துவிடும். பள்ளங்களையும் புஷ்ஷையும் துடைத்து, ரேம்ப் பிளேட்டின் மூலைகளில் உள்ள பிளாஸ்டிக் கைடுகள் லொடலொடவென்று இருந்தால் அவற்றையும் மாற்றுங்கள். கிரீஸ் பூசலாமா என்பது வண்டியைப் பொறுத்தது. சில வேரியேட்டர்கள் ரப்பர் வளையம் போட்டு மூடப்பட்டவை. அவற்றில் கையேடு சொல்லும் கிரீஸ் உண்டு. மற்றவை காய்ந்தே ஓட வேண்டும். காய்ந்து ஓட வேண்டியதில் கிரீஸ் வைத்தால் தூள் ஒட்டும். தெறித்துப் பெல்ட்டில் பட்டால் வழுக்கும்.

மாட்டும்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை. வேரியேட்டரை ஷாஃப்டில் ஏற்றும்போது ரேம்ப் பிளேட் ஒரு நூல் விலகினாலும் ரோலர் பள்ளத்தை விட்டு விழுந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கட்டைவிரலால் பின்பக்கத்தை அழுத்திக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். சந்தேகம் வந்தால் வெளியே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

மற்றது பெல்ட். நட்டை இறுக்கும் முன், பின் புல்லியின் தட்டுகளைக் கையால் விரித்துப் பெல்ட்டை அதன் உள்ளே ஆழமாக அமுக்குங்கள். அப்போது முன்னால் பெல்ட் தொளதொளவென்று புஷ்ஷின் மேல் கிடக்கும். இதைச் செய்யாமல் நான் ஒருமுறை என் வண்டியில் வாங்கிக்கட்டிக்கொண்டேன். பெல்ட் இரண்டு தட்டுக்கும் நடுவில் மாட்டியிருந்தது. நட்டு இறுகியதாகக் கைக்குத் தோன்றியது, உண்மையில் இறுகியது பெல்ட்டின் மேல். கொஞ்ச தூரம் ஓடியதும் பெல்ட் நகர்ந்தது, நட்டு தளர்ந்தது, வெளித்தட்டின் உட்பல் முழுக்க அரைபட்டுப் போனது. கிராங்க்கின் பல் தப்பியது என் அதிர்ஷ்டம்; அது போயிருந்தால் இன்ஜினையே பிரித்திருக்க வேண்டும். நட்டைக் கையேடு சொல்லும் டார்க் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். இறுக்கியதும் வெளித்தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். பெல்ட் சுதந்திரமாகத் தளர்ந்து கிடக்க வேண்டும்.

கவரை மூடும் முன் ஒரு வேலை: வெளித்தட்டின் உள்முகத்தில், மையத்திலிருந்து விளிம்புவரை மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். வெளித்தட்டைப் போடும்போதே செய்துவிட்டால் எளிது.

ஓட்டிப் பார்த்து முடிவெடுப்பது

முன்பு அளந்த அதே இடம், அதே ஆள், அதே டயர்க் காற்று. நடுக்கட்ட ஆர்பிஎம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு ஜிபிஎஸ்ஸில் 0-விலிருந்து 60 கி.மீ. வேகம் தொட எத்தனை விநாடி, டாப் ஸ்பீடு எவ்வளவு. உறுமல் கூடினால் வேகமும் கூடிவிட்டதாக மனசு சொல்லும். அதை நம்பாமல் விநாடியைப் பாருங்கள்.

எடை அளவுக்கு மேல் குறைந்தால் இன்ஜின் அலறும், வண்டி அதற்குத் தக்க வேகம் எடுக்காது. டாப் ஸ்பீடில் ரெவ் லிமிட்டரில் (ஆர்பிஎம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் ஏற்பாடு) முட்டி நிற்கலாம். கவரைத் திறந்து மார்க்கர் கோட்டைப் பாருங்கள். பெல்ட் ஏறிய இடம்வரை கோடு அழிந்திருக்கும். பழைய ரோலரோடு அழிந்த உயரத்தைவிட இப்போது பல மி.மீ. கீழேயே நின்றுவிட்டால், ரோலருக்குப் பெல்ட்டை மேலே தள்ளும் பலம் போதவில்லை என்று பொருள். இதற்காகத்தான், ரோலரை மாற்றும் முன்பே பழைய ரோலரோடும் ஒரு தடவை கோடு இழுத்து ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். சில வண்டிகளில் பெல்ட் எப்போதுமே விளிம்பைத் தொடாது.

எடை அதிகமாகிவிட்டால் கிளம்பும்போதே பெல்ட் ஏறிவிடும்; ஆர்பிஎம் விழும், மேட்டில் மூச்சு வாங்கும். கனமான ரோலர் டாப் ஸ்பீடைக் கூட்டும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. லேசான ரோலரால் பெல்ட் முழுக்க ஏறாமல் கிடந்திருந்தால் மட்டும் அது உண்மை. ஏற்கெனவே விளிம்பைத் தொட்டுவிட்ட பெல்ட்டை எந்தக் கனமும் அதற்கு மேல் ஏற்ற முடியாது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரோலர், ஸ்பிரிங், கிளட்ச் ஸ்பிரிங் மூன்றையும் ஒரே நாளில் மாற்றியவருக்கு எது என்ன செய்தது என்று கடைசிவரை தெரியாது.

ஸ்பிரிங்கையும் ஸ்லைடரையும் பற்றி

பின் புல்லியின் பெரிய ஸ்பிரிங்கைக் கடினமானதாக மாற்றினாலும் ஆர்பிஎம் ஏறும்; த்ராட்டிலை விட்டு மறுபடி முறுக்கும்போது வண்டி சட்டென்று இழுக்கும். பதிலுக்குப் பெல்ட் சூடாகும், கொஞ்சம் சக்தி ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே போகும். பொட்டலத்தில் 1000, 1500, 2000 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து அவ்வளவு ஆர்பிஎம் கூடும் என்று எண்ணிவிடாதீர்கள். அது அந்தத் தயாரிப்பாளரின் கடினத்தன்மைப் பெயர், அவ்வளவே. கம்பெனி இன்ஜினில் ரோலரால் குறி வைத்த ஆர்பிஎம் கிடைத்துவிட்டால் இந்த ஸ்பிரிங்கைத் தொடத் தேவையில்லை. கிளட்ச்சின் சின்ன ஸ்பிரிங்குகள் தனி விவகாரம்: கிளட்ச் எந்த ஆர்பிஎம்மில் பிடிக்கும் என்பதோடு அவற்றின் வேலை முடிந்தது. நின்ற இடத்தில் கிளம்புவது மட்டும்தான் சோம்பல், ஓடத் தொடங்கியதும் சரி என்றால் ரோலரைக் குறை சொல்லாமல் அங்கே பாருங்கள்.

உருளைக்குப் பதில் தட்டையான முகங்கள் கொண்ட ஸ்லைடர்கள் கிடைக்கின்றன. அவை உருளாமல் சறுக்கும். அவற்றின் வடிவம் உள்தட்டைக் கொஞ்சம் கூடுதல் தூரம் தள்ளுவதால் டாப் ஸ்பீடில் சிறிது லாபம் வரலாம். திசை மாற்றிப் போட்டால் வேலைக்காகாது. உடன் வரும் படத்தை அப்படியே பின்பற்றுங்கள்.

எடை முடிவான பிறகு ஒரு சில நூறு கி.மீ. ஓட்டிவிட்டுக் கவரை ஒருமுறை திறந்து, நட்டு, பெல்ட்டின் ஓரம், ரோலரின் முகம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். கழற்றிய பழைய ரோலர்களை எறிய வேண்டாம். ஒரு காகிதக் கவரில் போட்டு, எடை, நடுக்கட்ட ஆர்பிஎம், 0-விலிருந்து 60-க்கு ஆன விநாடி மூன்றையும் அதன் மேலேயே எழுதி, டூல் பெட்டியில் வைத்துவிடுங்கள். வண்டியை விற்கும் நாளிலோ, பெல்ட் மாற்றிய பிறகு குணம் மாறிய நாளிலோ அந்தக் கவர் கைகொடுக்கும்.